லீவு இல்லாத காய்ச்சல்

அவர் எழுந்து நிற்கப் பார்த்தார். அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான்.

பாயில் சுருண்டு கிடந்தவர், வாசலில் நிற்பது ஆபீஸ் ஆள் என்று தெரிந்ததும் ஒரு கையைச் சுவரில் ஊன்றினார். இன்னொரு கையால் தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தார். எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டுமாம். பாதி எழுந்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. இருமி ஓய வெகுநேரம் ஆயிற்று. அதுவரைக்கும் அவிழ்த்த துண்டு கையிலேயே இருந்தது.

"எழுந்திரிக்காத, வுழுந்துடப் போற," என்று அவரைப் பிடித்து உட்காரவைத்தார் மனைவி பச்சையம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஆபீஸ்லேர்ந்துதான வர்றீங்க? நல்லாப் பாத்துக்குங்க. இங்கதான் கீறாரு. எங்கியும் போவல."

ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஊர். ஆவணி மாதக் கடைசி. காலையில் தூறிவிட்டு நின்றிருந்தது. அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீட்டுக்குள் விறகுப் புகையும் தைலமும் கலந்து ஒரு வாடை. படுத்திருந்தவர் பெயர் சடையன். எங்கள் துறையின் விடுதி ஒன்றில் சமையல்காரர். அப்போது ஒன்பது மாதமாக சஸ்பெண்டில் இருந்தார்.

நான் அவரைப் பார்க்கப் போனது நலம் விசாரிக்க அல்ல. அவர் ஊரில் இருக்கிறாரா, ஓடிப்போய்விட்டாரா என்று உளவு பார்க்கப் போனேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

இந்தத் தொடரில் இதுவரை ஆபீஸ் வேடிக்கைகளையே எழுதி வந்திருக்கிறேன். போன வாரம் கோப்பு அலமாரியில் பூனை குட்டி போட்ட கதையைப் படித்துவிட்டு ஆரணியிலிருந்து ஒரு வாசகி, "உங்கள் சர்வீஸில் வருத்தப்பட ஒன்றுமே இல்லையா?" என்று கேட்டு எழுதியிருந்தார். இருக்கிறது அம்மா. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

ஜன்னலோர நாற்காலி

எங்கள் அலுவலகம் மலைக்குக் கீழே, அடிவாரத்து ஊர் ஒன்றில் இருந்தது. ஊர்ப் பெயரைச் சொன்னால் ஆள் பெயரைச் சொன்ன மாதிரி ஆகிவிடும், வேண்டாம். நான் கலசப்பாக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். மலைமேல் இருக்கும் பள்ளிப் பிள்ளைகளின் விடுதிகள் எங்கள் துறையின் கீழ் வந்தன. அங்கே வேலை பார்க்கும் காப்பாளர், சமையலர், காவலர் அத்தனை பேருடைய லீவு, இன்கிரிமென்ட், தண்டனை எல்லாம் என் நாற்காலி வழியாகத்தான் போகும்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டார் என்பார்களே, அந்தப் பூசாரி நான்தான். அதிகாரி கையெழுத்துப் போடுவார். என்ன கையெழுத்து என்பதை முடிவு செய்வது நான் எழுதும் குறிப்பு. "செல்வி டிராஃப்ட் போட்டா கமா கூட மாத்த வேணாம்," என்று எங்கள் சூப்ரண்ட் சார் எல்லோருக்கும் முன்னால் சொல்வார். அதைக் கேட்கும்போது எனக்கு ஒரு சுற்று பெருத்த மாதிரி இருக்கும்.

மலை ஊழியர்களின் லீவு லெட்டர் வந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். கீழே இருப்பவர்களுக்கு வருடம் முழுக்க ஒரே வியாதிதான், கடுமையான வயிற்றுப்போக்கு. கல்யாணத்துக்குப் போனாலும் வயிற்றுப்போக்கு, திருப்பதிக்குப் போனாலும் வயிற்றுப்போக்கு. மலைக்காரர்கள் அப்படி எழுதமாட்டார்கள். "கொல்லையில் பன்றி புகுந்துவிட்டபடியால் காவல் இருக்க இரண்டு நாள் லீவு வேண்டும்." "என் மச்சானோடு சண்டை. சமாதானம் பேசப் போகிறேன்." ஒருவர், "நேற்றுக் குடித்துவிட்டேன். இன்று வர முடியவில்லை," என்றே எழுதி அனுப்பினார். நான் எழுந்து நின்று உரக்கப் படிப்பேன். ஆபீஸே சிரிக்கும்.

உள்ளதை உள்ளபடி எழுதுகிறவர்களைப் பார்த்து ஒரு ஆபீஸ் முழுக்கச் சிரித்தது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மூன்று நாள் சோறு

சடையன் சஸ்பெண்ட் ஆன கதையும் அப்படித்தான்.

ஒரு கார்த்திகை மாதம் விடாமல் மழை பிடித்து மலைப்பாதை சரிந்துவிட்டது. மேலே போன இரண்டு பஸ் ஜனம் இறங்க வழியில்லாமல் விடுதிக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார்கள். பிள்ளைக்காரிகள், வயதானவர்கள், சந்தைக்கு வந்தவர்கள். காப்பாளர் கீழே தன் வீட்டில் இருந்தார். சாவி சடையனிடம் இருந்தது. அவர் ஸ்டோர் ரூமைத் திறந்தார். மூன்று நாளும் அத்தனை பேருக்கும் சோறு வடித்து, சாம்பார் வைத்துப் போட்டார்.

பாதை சரியானது. ஜனம் போனது. மார்கழியில் தணிக்கை வந்தது. அரிசியும் பருப்பும் குறைந்தன. காப்பாளர், "எனக்குத் தெரியாது சார்," என்றார். சடையனிடம் கேட்டார்கள்.

"நாந்தான் எடுத்து ஆக்கிப் போட்டேங்க. பசின்னு வந்தாங்க," என்றார். அதையே எழுதச் சொன்னார்கள். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

எலி தின்றுவிட்டது, ஓதம் ஏறிக் கெட்டுவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எச்சரிக்கையோடு முடிந்திருக்கும். ஆபீஸில் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொண்டோம். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. காப்பாளர் தப்பித்துக்கொண்டார், சமையல்காரர் சஸ்பெண்ட் ஆனார். அந்த ஆணையின் வரைவைத் தயார் செய்ததும் நான்தான். அவர்மேல் இரக்கம் இருந்தது. இரக்கத்தோடுதான் தட்டச்சு செய்தேன்.

பாதிச் சம்பளத்துக்கு ஒரு சான்று

சஸ்பெண்ட் என்றால் வேலையை விட்டு அனுப்பிவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. வேலையும் இல்லை, விடுதலையும் இல்லை. விசாரணை முடியும்வரை ஆள் அரசாங்கத்தின் கைக்குள்ளேயே இருக்க வேண்டும். சம்பளத்துக்குப் பதிலாகப் பிழைப்பூதியம் என்று பாதி கிடைக்கும். பிழைத்துக் கிடக்க ஊதியம். பெயர் வைத்தவர் தெரிந்துதான் வைத்திருக்கிறார்.

அந்தப் பாதிக்கும் இரண்டு நிபந்தனை. ஒன்று, ஆணையில் தலைமையிடம் என்று குறித்திருக்கும் ஊரை விட்டு முன் அனுமதி இல்லாமல் நகரக்கூடாது. சடையனுக்கு அவருடைய மலையூர்தான் தலைமையிடம். இரண்டு, மாதாமாதம் ஒரு சான்று அனுப்ப வேண்டும். "மேற்படி காலத்தில் நான் வேறு எந்தப் பணியிலோ, தொழிலிலோ, வியாபாரத்திலோ ஈடுபடவில்லை" என்று எழுதிக் கையெழுத்து. சான்று வந்தால் பணம் போகும். வராவிட்டால் போகாது.

தை முதல் வைகாசி வரை சடையனின் சான்று மாதம் பிறந்த மூன்றாம் நாள் தபாலில் வந்துவிடும். கோணல் எழுத்து. கீழே ஊர்ப் பெயர், நாள். கூடவே ஒவ்வொரு தடவையும் கடைசியில், "பிள்ளைகளுக்கு யார் ஆக்கிப் போடுகிறார்கள்?" என்று ஒரு வரி. அதற்குப் பதில் எழுத விதியில் இடமில்லை. நான் எழுதவில்லை.

மூன்று வரிக் கடிதம்

வைகாசி மாதச் சான்றோடு இன்னொரு தாள் வந்தது. மலைமேல் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த சீட்டு. சாயங்காலமானால் காய்ச்சல், இருமல், நெஞ்சு வலி. கீழே போய் எக்ஸ்ரே எடுக்கவேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். அதன்கூட சடையனின் மனு. தனக்கு உடம்பு சரியில்லாததால் இரண்டு வாரம் மருத்துவ லீவு வேண்டும், கீழே போய்க் காட்டிக்கொண்டு வருகிறேன் என்று.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சஸ்பெண்டில் இருப்பவருக்கு ஏது லீவு? வேலையில் இருப்பவர்தான் வேலையிலிருந்து லீவு எடுக்க முடியும். இது விதி. விதியில் தப்பும் இல்லை. நான் சுறுசுறுப்பாகப் பதில் தயார் செய்தேன்.

"தற்காலிகப் பணிநீக்கத்தில் உள்ள தங்களுக்கு மருத்துவ விடுப்பு அனுமதிக்க விதிகளில் இடமில்லை. முன் அனுமதியின்றித் தலைமையிடத்தை விட்டு வெளியேறக் கூடாது என அறிவுறுத்தப்படுகிறது. மீறினால் ஒழுங்கு நடவடிக்கை தொடரப்படும்."

மூன்றே வரி. இரண்டாவதும் மூன்றாவதும் எல்லாக் கடிதத்திலும் ஒட்டவைக்கிற வால்தான். பழக்க தோஷத்தில் ஒட்டினேன். நாலாவதாக ஒரு வரி எழுதியிருக்கலாம். சிகிச்சைக்காக வெளியே செல்ல அனுமதி கேட்டால் பரிசீலிக்கப்படும் என்று. அதற்கு விதியில் இடம் இருந்தது. அவர் மனுவிலேயே அந்த வேண்டுகோள் இருந்தது. அதையே அனுமதி மனுவாக எடுத்துக்கொண்டு அன்றே ஆணை போட்டிருக்கலாம். அவர் கேட்டது ஆஸ்பத்திரிக்குப் போக. எழுதத் தெரியாமல் அதற்கு லீவு என்று பெயர் வைத்தார். நான் அந்தப் பெயரை மட்டும் பார்த்தேன்.

சூப்ரண்ட் சார் கமா கூட மாற்றவில்லை.

ஜீப்பில் போன உளவு

ஆனி மாதச் சான்று வரவில்லை. ஆடியிலும் வரவில்லை. பிழைப்பூதியம் நின்றது. போனில் கூப்பிட்டால் தொடர்பு கிடைக்கவில்லை.

"கூர்க் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போயிருப்பான். மலையாளுங்க அப்பிடித்தான்," என்றார் ஆபீஸில் ஒருவர். இன்னொருவர் திருப்பூர் என்றார். நாலு பேர் சொன்னதும் அது தகவல் ஆகிவிட்டது. சஸ்பெண்டில் இருப்பவர் வேறு வேலைக்குப் போனால் அது தனிக் குற்றம். இன்னொரு குற்றச்சாட்டு போட வேண்டும். விடுதியில் கட்டில், பாய் எண்ணிக்கை சரிபார்க்க நான் மலைக்குப் போக வேண்டியிருந்ததால், அப்படியே ஆள் இருக்கிறாரா என்று பார்த்து எழுதும்படி சொல்லி அனுப்பினார்கள்.

ஜீப்பை ஓட்டியது போளூர் பாஷா. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டே வருவார். எனக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டே போனேன். கண்ணைத் திறந்தபோது இரண்டு பக்கமும் கொல்லைகளில் சாமைப் பயிர் முழங்கால் உயரம் நின்றது. விடுதி வேலையை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு அந்த ஊருக்குப் போனோம்.

அங்கேதான் அவர் எழுந்து நிற்கப் பார்த்தார்.

ஆளைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரிய அண்டாவைத் தனி ஆளாக இறக்கி வைப்பவர் அவர். தோள் எலும்பு சட்டையை முட்டிக்கொண்டு நின்றது. மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் ஒரு பக்கம் மட்டும்தான் ஏறி இறங்கியது.

"எத்தனை நாளா இப்படி?"

"சொரம் அப்பத்துலேர்ந்து இருக்குதுங்க. லெட்டர் போட்டேனே."

"ஆஸ்பத்திரிக்குப் போகலியா?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "போவக்கூடாதுங்களே."

"யார் சொன்னது?"

பச்சையம்மா எழுந்துபோய் பரண்மேல் இருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். மடிப்புக் கலையாத என் கடிதம். "எழுத்துலயே கீது பாருங்க. லீவு கிடையாது, வெளிய போவக்கூடாது, போனா மேல கேஸு. நர்சம்மா ரெண்டு வாட்டி வந்து திட்டுச்சு. வண்டிய வரச்சொல்றேன்னுச்சு. இவரு ஏறவே மாட்டேன்ட்டாரு. ஆர்டரு வரணும்ன்றாரு."

"ஒழுங்கா இருந்தா மறுபடி வேலையில எடுத்துக்குவாங்க. மீறிப் போனா இருக்கறதும் பூடுங்க," என்றார் சடையன். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கியது.

எதையாவது பேச வேண்டுமே என்று, "சான்று ஏன் அனுப்பல? அது வந்திருந்தா பணமாவது வந்திருக்குமே," என்றேன்.

"எப்பிடிங்க அனுப்பறது? எந்தத் தொழிலும் பண்ணலன்னு அதுல எழுதணுமே."

"நீங்க என்ன தொழில் பண்ணீங்க? படுத்த படுக்கையா இருக்கீங்க."

அவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். வீட்டுக்கு எதிரே ஒரு துண்டு நிலம். அதிலும் சாமை நின்றது.

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. விதைக்கிற சமயத்தில் ஒரு வீட்டில் ஆள் படுத்துவிட்டால், ஊரில் வீட்டுக்கு ஒரு ஏர் வந்து அந்தக் கொல்லையை உழுது விதைத்துவிட்டுப் போகும். கூலி கிடையாது. எழுந்து நடமாட ஆரம்பித்ததும் அவர் அவரவர் கொல்லையில் அத்தனை நாள் வேலை செய்து கழிக்க வேண்டும். ஆனி மாதம் அப்படி ஏழு ஏர் வந்து சடையன் கொல்லையில் இறங்கியிருக்கிறது.

"எங் கொல்லையில எம் பேருல வெள்ளாம நிக்குது. வெவசாயம் பண்ணலன்னு எப்பிடிங்க கையெழுத்துப் போடறது? பொய்யாப் பூடுமே," என்றார்.

சொந்த நிலத்தில் ஊரார் விதைத்த சாமையை அரசாங்கம் தொழில் என்று கணக்கில் வைக்காது. கீழே இருக்கிற எந்த ஊழியரும் இதை யோசித்துக்கூடப் பார்த்திருக்கமாட்டார். வட்டிக்கு விட்டுக்கொண்டே, ஆட்டோ வாடகைக்கு விட்டுக்கொண்டே, மாதாமாதம் "எந்தத் தொழிலும் இல்லை" என்று எனக்குச் சான்று அனுப்பியவர்கள் உண்டு. இந்த மனிதர் இரண்டு மாதம் ஊரார் கொடுத்த கூழைக் குடித்துக்கொண்டு, கையெழுத்துப் போடாமல் படுத்துக் கிடந்திருக்கிறார்.

ஒரு வெள்ளைத்தாள்

"கிளம்புங்க சடையன். ஜீப் நிக்குது. கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம்," என்றேன்.

"ஆர்டரு வந்துட்டுதுங்களா?"

"வரும். இப்ப வாங்க."

அவர் அசையவில்லை. நான் விளக்கினேன். லீவு இல்லை என்றால் வைத்தியம் இல்லை என்று அர்த்தம் இல்லை, உடம்புக்கு முடியாமல் போனால் யாரும் தடுக்க மாட்டார்கள் என்றேன். தலையைத் தலையை ஆட்டினார். எல்லாம் கேட்டுவிட்டு, "அதையே எழுத்துல குடுத்துடுங்க மேடம், போலாம்," என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நாங்கள்தான் பழக்கிவைத்தோம். வாயால் சொல்வது செல்லாது, எழுதிக்கொடு என்று பதினெட்டு வருடமாக அவரிடம் சொன்னது நாங்கள்தானே.

போனில் அதிகாரியைப் பிடிக்கலாம் என்றால் அந்த ஊரில் சிக்னல் இல்லை. கீழே போய், குறிப்பு போட்டு, ஆணை வாங்கித் திரும்பி வர இரண்டு நாளாவது ஆகும். வாசலில் நின்ற பாஷா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எழுதிக் குடுத்துடுங்க மேடம். அப்பால இன்னா வந்தாலும் பாத்துக்கலாம். ஆளு ரெண்டு நாளு தாங்காது."

கட்டில் கணக்கு எழுதக் கொண்டுபோன வெள்ளைத்தாளை எடுத்தேன். குறிப்பு எழுதத்தான் எனக்கு உரிமை, ஆணை போட உரிமை இல்லை. இருபத்தெட்டு வருட சர்வீஸில் நான் வரம்பு மீறி ஒரு புள்ளி வைத்ததில்லை. "சிகிச்சைக்காகத் தலைமையிடத்தை விட்டு வெளியே செல்லவும், சிகிச்சை முடியும்வரை தங்கவும், குணமானபின் திரும்பவும் அனுமதிக்கப்படுகிறது" என்று எழுதினேன். அதிகாரிக்காக என்று போட்டு, கீழே என் கையெழுத்து.

சடையன் தாளை வாங்கி விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். படித்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்டார்.

"அந்த மொத காயிதம் எழுதினவங்க இதுக்கு ஒத்துக்குவாங்களா மேடம்? அவங்க பாட்டுக்கு மேல கேஸு போட்டுடப் போறாங்க."

என்னவாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அவர் எழுந்திருக்க மாட்டார்.

"அதை எழுதினதும் நான்தான்," என்றேன்.

பச்சையம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

"நீங்களாம்மா? ஆஸ்பத்திரிக்குன்னா போன்னு ஒரு வார்த்த சேத்து எழுதியிருக்கக்கூடாதா?"

சடையன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பாஷாவின் தோளைப் பிடித்து எழுந்தார்.

அப்புறம் நடந்தவை

அவர் பிழைத்துக்கொண்டார். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். காசநோய் முற்றி, ஒரு பக்க நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. பல மாதம் மருந்து. விசாரணையில், பஸ்ஸில் மாட்டிக்கொண்டவர்களில் நாலு பேர் தாங்களாகவே வந்து, நாங்கள் சாப்பிட்டது உண்மை என்று எழுதிக் கொடுத்தார்கள். சடையன் மறுபடி வேலையில் சேர்ந்தார். நின்றுபோன பிழைப்பூதியமும் வந்தது. ஆனால் ஒரு பக்க நுரையீரல் சுருங்கியது சுருங்கியதுதான். அண்டாவை இறக்க இப்போது ஆள் வேண்டும். படியேறினால் பாதியில் நிற்கிறார். அது என் மூன்று வரிக்கு அபராதம். அவர் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அதிகாரமில்லாமல் ஆணை போட்டதற்கு எனக்கு மெமோ வந்தது. விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். எச்சரிக்கையோடு விட்டார்கள். மூன்று வரிக் கடிதத்துக்கு யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. அது விதிப்படி சரியாக இருந்தது.

மெமோ வாங்கியதைப் பற்றி ரிடயர்மென்ட் விழாவில் பெருமையாகப் பேசினார்கள். மனிதாபிமானம் என்றார்கள். நானும் மாலையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். அங்கே சொல்லாத ஒன்றைத்தான் இங்கே எழுத வந்தேன்.

டாக்டர் கேட்டது

அன்று ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். ஈரம் காயாத படத்தை நான் கையில் பிடித்துக்கொண்டு அவர்களோடு உள்ளே போனேன். டாக்டர் சின்ன வயதுப் பெண். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"எத்தனை மாசமா இருமல்?"

"நாலு மாசமாங்க," என்றார் சடையன்.

"நாலு மாசமா? மலையில இருக்கற டாக்டர் அப்பவே எக்ஸ்ரேவுக்கு எழுதியிருக்காரே. ஏன் வரல? வரவேணாம்னு யாராவது சொன்னாங்களா?"

பச்சையம்மா வாயைத் திறந்தார். சடையன் அவர் கைமேல் தன் கையை வைத்தார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"யாரும் சொல்லலிங்க. நாந்தான் வரல. ஊசின்னா எனக்குப் பயங்க."

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. ஊசிக்குப் பயந்து உயிரை விடுவார்களா, பெண்டாட்டியை நினைத்துப் பார்த்தீர்களா, இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று படபடவென்று பொரிந்தார். சடையன் துண்டை மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, சரிங்க, சரிங்க என்று எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டார்.

அரிசி எங்கே என்று கேட்டபோது எலி என்று சொல்லாதவர். முளைத்து நிற்கும் சாமையை மறைத்து ஒரு வரி எழுதமாட்டேன் என்று இரண்டு மாதம் காசில்லாமல் கிடந்தவர். எனக்காக அன்று பொய் சொன்னார்.

டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்க இவங்க ஆபீஸா? படிச்சவங்க நீங்களாவது முன்னாடியே அனுப்பி வெச்சிருக்கலாமே மேடம்," என்றார்.

நான்தான் தடுத்தேன் என்று சொல்ல அது போதுமான நேரம். அவர் பதிலுக்குக் காத்திருந்தார்.

"இவருக்கு எத்தனையோ தடவை சொல்லியாச்சு டாக்டர்," என்றேன்.